வெறும் வயிற்றில் ஏறியவள்

1

இந்தக் கதை ஒரு வயிற்றுக் கலக்கலில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன், அகப்படவில்லை.

முதல் வரி: “வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு பெண்...”

[வேண்டாம். சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறது.]

அடுத்த முயற்சி: “அவள் தினமும் செத்து மாத்திரை போட்டுக்கொண்டாள்.”

என் வீட்டுக்காரி படித்துவிட்டு, “தினமும் செத்தா எப்படி வேலைக்கு வருவா? ‘சத்து’ன்னு எழுதுங்க” என்றாள். தலை நரைத்தபின் எழுத்துப் படித்தவனுக்குக் கொம்பு எங்கே முளைக்கும் என்று தெரிவதில்லை.

2

கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். காலையில் ஏணியேறி உச்சிக் கூண்டில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவாள். அதனால் ‘மேல்வீட்டுக்காரி’ என்று பெயர். கீழே கொக்கியில் பாரம் மாட்டி, ரேடியோவில் ஏற்று, இறக்கு என்று சொல்வது என் பிழைப்பு.

ரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்பும் விட்டமினும் கலந்த மாத்திரை கொடுத்திருந்தார். மாதக் கடைசிப் பரிசோதனைக்குள் தேறாவிட்டால் கூண்டு வேறு ஆளுக்கு.

“இரும்பு தூக்குறவளுக்கே இரும்பு பத்தலையாம்” என்று மேஸ்திரி சிரித்தார்.

[அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. தலைக்கு மேலே பாரம் தொங்கினால் எவனுக்கும் பயம் வரும்.]

3

கான்கிரீட் பலகை அந்தரத்தில் இருந்தது. ரேடியோ கரகரத்தது.

“அண்ணே, இறங்கணும்.”

எனக்கு ‘இறக்கணும்’ என்று கேட்டது. ஆட்களை விலக்கிவிட்டு, “இறக்கு தாயி” என்றேன்.

இறக்கினாள். மேலே குடல் முறுக்குகிறது, குமட்டல் தொண்டைவரை வருகிறது. கீழே பலகை இம்மிகூட ஆடவில்லை. [இங்கே ஓர் உவமைக்கு இடம் விட்டிருந்தேன். எதுவும் அவள் கைக்கு ஈடாகவில்லை. இடம் காலியாகவே கிடக்கட்டும்.] அதை மண்ணில் வைத்த பிறகுதான் ஏணியில் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்ததும் மேஸ்திரி கேட்டார்: “மயக்கமா?”

“தலை தெளிவா இருக்கு. வயித்தாலே போவுது. மாத்திரை ஒத்துக்கல.”

யாரோ ஒருவன் சிரித்தான்.

“சிரி. நீ வயிறே இல்லாம பொறந்தவன் பாரு.”

அத்தனை ஆண்களுக்கு நடுவில் இதை இப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

“நடு வேலையில இன்னொரு தடவை இறங்கினா வேற ஆள்தான்மா. எனக்கும் மேல கேக்க ஆள் இருக்கு” என்றார் மேஸ்திரி.

“காலையில என்ன சாப்பிட்டே?” என்று நான் கேட்டேன்.

“சாப்பிட்டா இறங்க வேண்டி வருமேண்ணே. வெறும் வயித்துலதான் ஏறுவேன். மாத்திரையும் அப்பவேதான்.”

இறங்கக் கூடாதென்று கிடந்த பட்டினியே அவளை இறக்கியிருக்கிறது. சாயங்காலம் மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னாராம்: சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், பார்க்கலாம்.

4

முடிவு ஒன்று: மாத்திரை ஒத்துக்கொள்கிறது, ரத்தம் ஊறுகிறது, மேஸ்திரி கைகுலுக்— [இனிப்பு அதிகம்.]

முடிவு இரண்டு: பாரம் பாதியில் நிற்கும்போது மறுபடியும் வயிறு— [எழுதக் கை வரவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை ஏணியடியில் சம்மணமிட்டு, எல்லார் கண்ணெதிரிலும் சாப்பிட உட்கார்ந்தாள். மாத்திரை மடியில்.

“இன்னும் ஏறலையா?” என்றார் மேஸ்திரி.

“மென்னு முழுங்கிட்டு ஏறுறேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதையை முடிக்க அவளை மேலே ஏற்ற வேண்டும். அவள் வாயிலோ இன்னும் கவளம் இருக்கிறது. நான் அவசரப்படுத்த மாட்டேன். நீங்களும் பொறுங்கள். சும்மா நிற்க முடியாவிட்டால், அவளுக்குக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்.