தயிர் உறையாத நாள்

வங்கதேசத்தில் இடக்கை ஸ்பின்னர்களுக்குப் பஞ்சமே கிடையாது, சந்துக்கு நாலு பேர் தேறுவார்கள். அதில் ஒருவரைத் தேசிய அணிக்குப் பொறுக்க மூன்று பெரிய மனிதர்கள் உண்டு. அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. போவது உண்மைதான். பார்ப்பதுதான் இல்லை.

காரணம் எளிது. குளிர்காலக் காலையில் பனியும் ஈரமுமாக இருக்கும், வேகப்பந்துக்காரர்கள் போடுவார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடுகளம் காய்ந்து, ஸ்பின்னர்கள் கைக்குப் பந்து வரும். அதே சாப்பாட்டுக்குப் பிறகுதான் தேர்வாளர்களுக்குக் கண் சொக்கும். விருந்தாளியை அரை வயிறாக அனுப்பும் ஊர் எதுவும் இந்த நாட்டில் இல்லையே.

போகுராவைச் சேர்ந்த சொஹராப் எட்டு வருஷமாக இந்த அநியாயத்துக்குப் பலியானவன். போன வருஷம் ஒரே பிற்பகலில் ஆறு விக்கெட் எடுத்தான். ஆறாவது விழுந்தபோது தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைத் திரும்பிப் பார்த்தான். மூன்று பேரும் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்து கிடந்தார்கள். வயிறு எரிந்தது அவனுக்கு. இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சாப்பாட்டைப் போட்டதே அவனுடைய மாமனார்தான்.

மொக்லேஸ் மியா போகுராவில் பேர்பெற்ற தயிர்க்காரர். மண்சட்டியில் சிவக்கச் சிவக்க உறையும் அவருடைய இனிப்புத் தயிருக்காக டாக்காவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். மருமகன் தேசிய அணிக்குப் போக வேண்டும் என்று வருஷா வருஷம் தேர்வாளர்களுக்குப் பொலாவ், கறி, இலிஷ் மீன், ஆளுக்கு ஒரு சட்டித் தயிர் என்று இறக்கிவிடுவார். அந்தப் பாசமே மருமகன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் சொஹராபுக்கு முப்பத்தொன்று. இப்போது விட்டால் அப்புறம் தயிர்க்கடைதான். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாமனாரிடம் உடைத்தே சொல்லிவிட்டான்.

"மாமா, நாளைக்கு அவங்களுக்குச் சாப்பாடு போடாதீங்க."

மொக்லேஸ் மியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?"

"உங்க தயிரைத் தின்னுட்டுத் தூங்கிடறாங்க மாமா. என் பந்தை ஒருத்தரும் பாக்கறதில்ல."

"தூங்கினா அது என் தயிருக்கு மரியாதைய்யா. வந்தவங்களைப் பட்டினி போட்டான் மொக்லேஸ்னு ஊர் பேசணுமா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த பில்கிஸ் குறுக்கிட்டாள். அவள் சொஹராபின் மனைவி, அப்பாவை மடக்கத் தெரிந்த ஒரே ஆள். "பட்டினி போட வேண்டாம்ப்பா. தயிர் இன்னும் உறையலைன்னு சொல்லுங்க. குளிருதே, நம்புவாங்க. தயிர் இல்லாம விருந்தை ஆரம்பிக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிங்க."

மொக்லேஸ் மியாவின் முகம் கறுத்துவிட்டது. நாற்பது வருஷத்தில் அவருடைய தயிர் உறையாமல் போனதே கிடையாது. திருடினேன் என்று சொல்லச் சொன்னால்கூடச் சொல்லியிருப்பார். "என் வாயால அதைச் சொல்லணுமாம்மா?" என்றார்.

"உங்க மாப்பிள்ளைக்காக."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பகலில் பந்தலுக்குள் போய் நின்றார். பின்னால் பானைகள் வரிசையாக மூடியிருந்தன, கறி வாசனை மூக்கைத் துளைத்தது. தலைமைத் தேர்வாளர் லுத்ஃபர் சாஹேப் ஏற்கெனவே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாஹேப்," என்று ஆரம்பித்த மொக்லேஸ் மியா ஒருதரம் பானைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தயிர்... இன்னும் உறையலைங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதனாலென்ன பாய், கறியைப் போடுங்க. தயிர் அப்புறம் வரட்டும்."

"அது என் வீட்டு வழக்கமில்லைங்க. எல்லாம் ஒண்ணாத்தான் வைப்பேன். எதிரணிக்கு இன்னும் அஞ்சு விக்கெட் இருக்கு. அது விழறதுக்குள்ள உறைஞ்சிடும்."

இப்படியாக, வரலாற்றில் முதல்முறையாக, மூன்று தேர்வாளர்கள் வெறும் வயிற்றோடு பிற்பகல் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தார்கள். முதலில் பானைகளைத்தான் பார்த்தார்கள். பானைகள் திறக்கிற வழியாக இல்லை என்று தெரிந்த பிறகே கண் மைதானத்துக்குத் திரும்பியது.

சொஹராப் பந்தை எடுத்தான். முதல் ஓவரிலேயே ஒரு பந்து நடுவில் விழுந்து திரும்பி, ஸ்டம்பைச் சாய்த்தது.

"யாருய்யா இவன்?" என்றார் லுத்ஃபர் சாஹேப், நிமிர்ந்து உட்கார்ந்து.

"சொஹராப்," என்றார் இரண்டாவது தேர்வாளர், சீட்டைப் பார்த்து.

"புதுப் பையனா?"

"எட்டு வருஷமா போடறானாம்."

"எட்டு வருஷமா எங்கே ஒளிச்சு வச்சிருந்தாங்க?"

அடுத்த விக்கெட்டும் அவனுக்கே. எதிர்முனையில் போட்டுக்கொண்டிருந்த வேகப்பந்துக்காரன் ஒவ்வொரு பந்துக்கும் எல்லைக்கோடுவரை நடந்து போய் ஓடி வந்தான். "அவனை நிறுத்தச் சொல்லுய்யா, அவன் நடந்து முடிக்கறதுக்குள்ள என் உயிர் போயிடும்," என்று லுத்ஃபர் சாஹேப் முணுமுணுத்தார். மூன்றாவது, நான்காவது விழுந்தன. கடைசி ஆட்டக்காரனின் காலில் பந்து பட்டபோது சொஹராப் வாயைத் திறப்பதற்கு முன்பே பந்தலிலிருந்து தலைமைத் தேர்வாளர் எழுந்து நின்று கையைத் தூக்கி அவுட் கேட்டார். நடுவர் மிரண்டுபோய் விரலைத் தூக்கினார்.

அதே நொடியில் தயிரும் உறைந்துவிட்டது.

மூன்று பேரும் வழித்து நக்கிச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்வரை குறட்டை விட்டார்கள். அடுத்த வாரம் டெஸ்ட் அணியில் சொஹராபின் பெயர் இருந்தது. ஏன் இவன் என்று நிருபர்கள் கேட்டதற்கு, "வேலையைச் சட்டுனு முடிக்கற பையன்," என்றார் லுத்ஃபர் சாஹேப். பில்கிஸ் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாள். மொக்லேஸ் மியா மட்டும் ஒரு வாரம் கடைவீதியில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம், "என்ன பாய், இன்னைக்காவது உறைஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

டாக்காவின் மீர்ப்பூர் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டம். இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கேப்டன் அவனிடம் பந்தைக் கொடுத்தார். சொஹராபுக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது. முதல் பந்து கையிலிருந்து நழுவி அரைக் களத்தில் விழுந்தது. பேட்ஸ்மேன் அதைத் தூக்கிக் கூட்டத்துக்குள் அனுப்பினான். இரண்டாவதும் போன இடம் அதுவே. மூன்றாவது மைதானத்தைவிட்டே வெளியேறியது.

எட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய இடம் ஒரே ஓவரில் போய்விடும் போலிருந்தது. தேர்வாளர்கள் உட்காரும் மாடத்தை மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

மூன்று பேரும் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்து கிடந்தார்கள். ஆளுக்கொரு காலிச் சட்டி மடியில் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் மொக்லேஸ் மியா நின்றுகொண்டு, உறைஞ்சுது மாப்பிள்ளை என்பதுபோல் தயிர் நிறைந்த ஒரு சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

சொஹராபுக்கு மூச்சு வந்தது. "மாமா, நீங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே அடுத்த பந்தைப் போட ஓடினான்.