எழுப்பாமல் மூடிய புத்தகம்

பூவரசன் சகாயராணிக்குக் கொடுக்க வேண்டியது அறுநூற்று நாற்பது ரூபாய். டீ குடித்த பாக்கி இல்லை, வடை தின்ற பாக்கியும் இல்லை. ஒரு நாவல் வாங்கிய கடன்.

பால்பண்ணை ஏரியா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நாவலுக்குக் கடன் வாங்கினான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சகாயராணியும் சிரித்தாள். மண்டி வாசலில் அவளுக்கு டீக்கடை. காலை லோடு இறங்கி முடிந்து அடுத்த லாரி வரும் வரைக்கும் ஆட்கள் கடை நிழலில் சாய்ந்து கிடப்பார்கள். சாய்ந்தவன் டீ கேட்க மாட்டான். பூவரசனோ நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டக் கற்றவன். பேப்பர் கிடைத்தால் வரிக்கு வரி விரலை ஓட்டிச் சத்தமாக வாசிப்பான். அவன் வாசித்தால் ஆட்கள் எழுந்து உட்காருவதையும், உட்கார்ந்தவர்கள் டீ கேட்பதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். அதனால்தான், புத்தகக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்த ஒரு நாவலைப் பற்றி அவன் வாய் ஓயாமல் பேசியபோது கல்லாவைத் திறந்தாள்.

"மத்தியானம் மத்தியானம் இங்க உக்காந்து படி. முடிச்சதும் எல்லாரும் நல்ல புத்தகம்னு சொன்னா கடைச் செலவுல போட்டுக்கிறேன். நல்லால்லைன்னு சொன்னா காசை எண்ணி வச்சிடணும், ஆமா."

"யாரு சொல்லணும்க்கா?"

"கேக்குறவங்க சொல்லணும். உன்னையவா கேப்பாங்க? நீதான் பொண்ணு பாத்துட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறியே."

நாவலின் பெயர் 'மதகடிக் குதிரைகள்'. ஏரி மதகைக் காக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். கோயில் வாசலில் நிற்கிற மண் குதிரைகள் அவர்கள் சீட்டி அடித்தால் மூச்சு விடும். நிலாவை விழுங்கிவிட்டு ஏரிக்குள் பதுங்கிய முதலை ஒன்று. தண்ணீரோடு பேசத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி. எல்லாம் ஊர்ப்பக்கம் கேட்ட கதை போலவும் இருந்தது, எங்கேயும் கேட்காதது போலவும் இருந்தது.

யார் யாரோ வந்து கேட்டுப் போவார்கள். ஒரு வரி விடாமல் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் லக்ஷ்மணன், மணப்பாறைப் பக்கத்துக்காரர், பூவரசனுக்கு ஜோடி ஆள். லாரியிலிருந்து மூட்டையைப் பூவரசன் முதுகில் ஏற்றிவிடுவது அவர்தான். அவர் கை வைத்தால் மூட்டை முதுகில் இடம் பார்த்து உட்காரும். இன்னொருவர் ஜெகபர் அலி, தென்னூரிலிருந்து லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு வருகிறவர். வாசிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் அவருடைய பொறுமை செல்போன் அளவுக்குத்தான்.

"மண்ணு குதிரை எதைங்க திங்கும்? புல்லா?" என்று முதல் நாளே ஆரம்பித்தார் ஜெகபர் அலி.

"சாமி குதிரை பாய் அது. காத்தைக் குடிச்சே ஓடும்," என்றார் லக்ஷ்மணன், ஏதோ தன் வீட்டுக் கொட்டகையில் கட்டியிருப்பதைப் போல.

"பெட்ரோல் செலவு இல்லைன்னு சொல்லுங்க."

பாய்லருக்குப் பின்னாலிருந்து சகாயராணி கேட்டாள்: "அந்தத் தங்கச்சிதான் தண்ணியோட பேசுவாளே? முதலை எங்கடி இருக்குன்னு தண்ணிகிட்டயே கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு நூறு பக்கம் சுத்துறாங்க?"

பூவரசன் பக்கத்தைப் புரட்டினான். புரட்டியபோது அவனுக்கே அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது.

இப்படிச் சண்டையும் சிரிப்புமாக ஓடிய வாசிப்பு, கடைசிப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டது. தண்ணீருக்காக இரண்டு ஊரும் மோதுகின்றன. அண்ணனும் தம்பியும் மதகடியில் வெட்டுப்பட்டு விழுகிறார்கள். தங்கச்சி காலிக் குடத்தோடு கரையில் நிற்கிறாள். அவ்வளவுதான் நாவல். வாசித்து முடித்துப் பூவரசன் புத்தகத்தை மூடினான்.

"யம்மாடி! எப்படி முடிச்சிருக்கு பாருங்க," என்று தொடையில் தட்டினார் ஜெகபர் அலி.

லக்ஷ்மணன் அசையவில்லை. "அடுத்த பக்கம் படிப்பா."

"அடுத்த பக்கம் இல்லண்ணே. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா? எழுப்புறது எங்க?"

அவர் ஊர்ப் பக்கத்துத் திருவிழாவில் படுகளம் என்று ஒன்று உண்டு. வீரர்கள் விழுந்த கதையைப் பாடப் பாட, விரதம் இருந்தவர்கள் அப்படியே மண்ணில் சாய்வார்கள். செத்தவர்கள் மாதிரி கிடப்பார்கள். பிறகு தங்கச்சியாக நிற்கிறவள் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவாள். எழுப்பி முடிக்காமல் சனம் களத்தை விட்டு நகராது. கதை பாடுகிறவன் சாவோடு நிறுத்திவிட்டு எழுந்து போக முடியாது, விடவும் மாட்டார்கள்.

"எம் பொண்ணு ஏழு மாசமா இருக்காப்பா," என்றார் லக்ஷ்மணன். "விழுந்தவங்களை அப்படியே போட்டுட்டு, காலிக் குடத்தை மனசுல வாங்கிட்டு, நான் எப்படி வீட்டுக்குள்ள காலை வைப்பேன்? இது தெரியாமயா இத்தனை நாளும் என்னைய உக்காத்தி வச்ச?"

டீயைக் கூடத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் மண்டியின் அந்தக் கோடியில் வேறு லாரிக்குப் போய் நின்றுகொண்டார். பூவரசனுக்கு மூட்டை ஏற்றிவிட வந்தவன் புது ஆள். மூட்டை பிடரி எலும்பில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மத்தியானம் கடை நிழலில் லக்ஷ்மணன் உட்காருகிற இடத்தில் யாரும் உட்காரவில்லை.

"ஒருத்தர் நல்லாருக்குங்கிறார், ஒருத்தர் கோச்சுக்கிட்டுப் போயிட்டார். நான் இன்னும் சொல்லலை," என்றாள் சகாயராணி. "எதுக்கும் காசைத் தயார் பண்ணி வை."

பூவரசனுக்குக் காசு கவலையாக இல்லை. ஒரு கதை வாசித்ததற்காக ஜோடி ஆள் பிரிந்து போவதா? அதுதான் அவனைக் குடைந்தது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்குமா என்று ஜெகபர் அலியிடம் கேட்டான். அவர் போனை எடுத்து, அந்தப் புத்தகத்துக்கு ஜனங்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஒருத்தர் அஞ்சு ஸ்டார். 'ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை.' அடுத்தவர் ஒரே ஸ்டார். 'பத்தாம் பக்கத்துல தூங்கிட்டேன்.' இவர் என்ன சொல்றாரு… 'கதை அருமை, ஆனா பார்சல்ல அட்டை மடங்கி வந்துச்சு, ரெண்டு ஸ்டார்.' அட மனுஷா!"

"எழுப்பலையேன்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா பாய்?"

"ஒருத்தரும் கேக்கலை. ஆனா இங்க பாருங்க, ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல வாசகர் சந்திப்பாம். எழுதினவங்களே வர்றாங்களாம். போய் நேரா கேட்டுட்டு வாங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. பூவரசன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினான். சித்திரை வீதியில் ஒரு வீட்டு மாடி. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எழுதிய ஸ்ரீவித்யா சின்ன வயசுப் பெண்தான். ஒவ்வொருவர் பேசும்போதும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆன ஒருவர் எழுந்தார். "குதிரை மண்ணா இருக்கிறப்ப என்ன எடை, உயிர் வந்தப்புறம் என்ன எடை? அதைச் சொல்லாம, அது மதகு மேல ஓடுச்சுன்னா நான் எப்படிம்மா நம்புறது?"

"தங்கச்சிக்கு அழுகுறதைத் தவிர வேற வேலையே இல்லையா?" என்றாள் ஒரு காலேஜ் பெண். பக்கத்திலிருந்த பையன், "அந்தக் காலிக் குடம் ஒண்ணு போதும், வேற லெவல்," என்றான்.

முன்வரிசையில் மடிசார் கட்டிய ஒரு மாமி பேசினாள். "ரொம்ப ரம்யமா எழுதியிருக்கே குழந்தே. ஆனா முடிவுதான் அமங்களமா இருக்கு. எங்காத்துல பாராயணம் பண்ணினா யுத்தத்தோட நிறுத்தப்படாதும்பா. பட்டாபிஷேகம் பண்ணி வச்சுட்டுத்தான் புஸ்தகத்தை மூடி ஏளப்பண்ணணும்."

பூவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். லக்ஷ்மணன் சொன்னது இங்கே, இவ்வளவு தூரத்தில், வேறு வார்த்தையில் வந்து நிற்கிறதே!

ஸ்ரீவித்யா சொன்னாள்: "எழுப்பிட்டா யாருமே சாகலைன்னு ஆயிடும் மாமி. தண்ணிக்குச் சண்டை போட்டா போன உசிரு திரும்பாதுன்னு சொல்லத்தானே இத்தனை பக்கம் எழுதினேன்?"

அதுவும் பூவரசனுக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டும் சரி என்றால் ஒருவன் எங்கே போய் நிற்பது? கையைத் தூக்கினான். மண்டியையும் டீக்கடையையும் லக்ஷ்மணன் படுகளத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனதையும் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஸ்ரீவித்யா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"சத்தமா வாசிச்சீங்களா? முழுசையுமா? வேற என்ன கேட்டாங்க?"

முதலை இருக்கிற இடத்தைத் தண்ணீரிடமே கேட்டிருக்கலாமே என்ற சகாயராணியின் கேள்வியைச் சொன்னான். ஸ்ரீவித்யா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்கு என்கிட்டயும் பதில் இல்லைங்க. சரி, உங்களுக்கு அந்த முடிவு பிடிச்சுதா?"

"எனக்குப் பிடிச்சுதுங்கம்மா. அதாங்க கஷ்டமே."

கூட்டம் கலைந்து படி இறங்கும்போது அவளாகவே பக்கத்தில் வந்தாள். "நான் அந்தப் படுகளத்துக்குப் போயிருக்கேங்க. எழுப்புற வரைக்கும் இருந்து பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுத வேணாம்னு விட்டேன். அங்க நிஜமா ஆளுங்க மண்ணுல கிடந்தாங்க, நிஜமா ஒரு பொம்பளை தண்ணி எடுத்துட்டு வந்தாங்க. பேப்பர்ல நான் எழுதினா அது வெறும் ஒரு வரிதானே?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும் வரைக்கும் பூவரசன் அந்தப் பேச்சையே மென்றுகொண்டு வந்தான். பாலம் தாண்டியதும் அவனுக்கு ஒன்று தோன்றியது.

திங்கட்கிழமை மத்தியானம் மண்டியின் அந்தக் கோடிக்கே போய் லக்ஷ்மணன் முன்னால் நின்றான்.

"அண்ணே, விழுந்தாங்கன்னு வாயால சொன்னவன் நான். நானே கிடக்கிறேன். வந்து எழுப்பி விடுங்க."

லக்ஷ்மணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

கடை முன்னால் பூவரசன் மல்லாந்து படுத்தான். வெங்காயச் சருகு காதில் ஒட்டியது. யார் எழுப்புவது என்ற பேச்சு வந்தபோது எல்லாக் கண்ணும் பாய்லர் பக்கம் திரும்பியது. அங்கே பொம்பளை என்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஐயோ சாமி, ஆளை விடுங்க!" என்றாள் சகாயராணி. "நேத்துதான் மாதா கோயில் பூசைக்குப் போய் நன்மை வாங்கிட்டு வந்திருக்கேன். என்னையப் போய்!"

"இவன் உன்னைய அக்கானுதானே கூப்பிடுறான்? அது போதும் தாயி," என்றார் லக்ஷ்மணன். "குடம் மட்டும் நிறைஞ்சிருக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே குடத்தை வழிய வழிய நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். லக்ஷ்மணன் கடைசிப் பக்கத்தை மனசிலிருந்தே சொன்னார். ஒருமுறை கேட்டதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார் என்று சொல்ல முடியாது; மண் குதிரைகள் கண்ணீர் விட்டதாக அவர் சொன்னது புத்தகத்தில் இல்லை. ஆனால் கேட்டவர்கள் இன்னும் கிட்ட நெருங்கி வந்தார்கள்.

"ஒரு நிமிஷங்க," என்றார் ஜெகபர் அலி. "எங்கள்ல அடக்குறதுக்கு முந்தி ஒண்ணு கேப்பாங்க. மவுத்தானவருக்குக் கடன் ஏதும் இருக்கா, இருந்தா வாரிசு யாரு பொறுப்புன்னு. இவருக்கு அறுநூத்தி நாப்பது இருக்கே?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். லக்ஷ்மணன் சிரிக்கவில்லை. "நான் பொறுப்பு," என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

பூவரசன் பதறிக் கண்ணைத் திறந்தான்.

"செத்தவன் கண்ணைத் தொறக்காத!" என்று அதட்டினார் லக்ஷ்மணன்.

அவர் நீட்டிய நோட்டுகளைச் சகாயராணி பார்த்தாள். "பொண்ணு வளைகாப்புக்கு வச்சிருக்கிற காசுதானே இது? உள்ள வை லெட்சுமணா. ரொம்பப் பண்ணாத."

சொல்லிவிட்டு, தெளிக்கவில்லை, குடத்தையே சாய்த்தாள். தண்ணீர் மூஞ்சியிலும் மார்பிலும் வந்து விழுந்தது. "எந்திரி தம்பி," என்றாள். சொல்லும்போது அவள் குரல் அவளுடையதாக இல்லை. டீ போடுகிற குரலே இல்லை அது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். பூவரசன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். லக்ஷ்மணன் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அவன் தலையைத் தன் துண்டாலேயே துவட்டிவிட்டார்.

"இப்பச் சொல்லுங்கண்ணே, புத்தகம் எப்படி?"

"இப்ப நல்லாருக்குப்பா."

"முந்திதாங்க நல்லாருந்துச்சு," என்றார் ஜெகபர் அலி. "அந்தக் குடத்தோட விட்டிருந்தா நான் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டேன். இப்ப எழுப்பிக் கெடுத்துட்டீங்க."

"நீங்க தூங்காம லோடு ஆட்டோ ஓட்டவா பாய்?"

லக்ஷ்மணனும் அவரும் மறுபடி சண்டை பிடித்துக்கொண்டார்கள். பூவரசன் ஈரச் சட்டையோடு சகாயராணியிடம் திரும்பினான். "உங்களுக்கு எப்படிக்கா?"

"எனக்கு எங்க நல்லாருந்துச்சு? முதலைக்கு இன்னும் பதில் வரலை." காலிக் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஆனா புத்தகம் எழுதின பொண்ணு விட்டுட்டுப் போனதை நான்ல முடிச்சு வச்சிருக்கேன். நான் முடிச்ச கதைக்கு நானே உன்கிட்ட எப்படிக் காசு கேக்குறது? கடைச் செலவுன்னு வச்சுக்கிறேன், போ. இந்தக் குடத்தை மட்டும் பைப்புல பிடிச்சு நிரப்பிட்டு வா, டீக்குத் தண்ணி இல்லை."