வெள்ளைக் கல் விற்பவள்

சமையல் மேடைக்குக் கல் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே சண்டை போட்டுவிட்டுத்தான் வருவார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். மனைவி முன்னால் வந்தால் நிறம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கணவன் முன்னால் வந்தால் சும்மா விசாரித்துவிட்டு ஓடப்போகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு வந்த இருவரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்துக் கதவில் சிக்கிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சண்டை முடியாத ஜோடி என்றால் நடுவில் புகுந்து விளையாடலாம்.

இந்தக் கடையில் எனக்கு இது பதினோராவது வருடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை, நடுவில் ஒரு ரப்பர் திரை. முன்னால் நான் பேசுவேன், பின்னால் அறுப்பார்கள். கிரானைட் வேண்டும் என்று வந்தவரானாலும் பளிங்கு வேண்டும் என்று வந்தவரானாலும், போகும்போது அவர் தலையில் வெள்ளை குவார்ட்ஸைக் கட்டி அனுப்பிவிடுவேன். "கறை பிடிக்காது, கீறல் விழாது, பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும் நேத்துப் போட்ட மாதிரியே இருக்கும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கடையில் இருக்கிற மெஷின்களிலேயே நன்றாக ஓடுவது என் வாய்தான் என்பார் முதலாளி. அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப்போனவள் நான், மடச்சி.

ஏனென்றால் நான் பேசி விற்ற கல்லையெல்லாம் உள்ளே நின்று அறுத்தது என் வீட்டுக்காரர்.

குவார்ட்ஸ் மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த கல் இல்லை. கல்லைப் பொடியாக்கிப் பசை சேர்த்து அழுத்திச் செய்தது. அதை அறுத்தால் மாவைவிட மெல்லிய தூசி பறக்கும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி குறையும், ஆனால் ஓரத்தைக் கூர் போகத் தேய்த்து உருட்டுவதும் குழாய்க்கு ஓட்டை போடுவதும் கைமெஷினில், காய்ந்த கல்லில்தான். அவர் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் ஓரம் உருட்டினார். போன வருடம் மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே போன தூசி வெளியே வராது, படிந்த இடமெல்லாம் தழும்பாகிவிட்டது, இன்னும் பரவும், குணமாக்க மருந்து கிடையாது என்றார். வயது நாற்பத்து மூன்று. இப்போது கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதி நாலு அடி. மூக்கில் எந்நேரமும் ஒரு ஆக்ஸிஜன் குழாய். "அறுத்த கல்லுல பாதி எனக்குள்ளதான் இருக்கு, ஒருநாள் கடையில திருப்பிக் கேக்கப்போறாங்க பாரு" என்பார். சிரிக்க ஆரம்பித்தால் இருமலில்தான் முடியும்.

அவர் இடத்தில் இப்போது மெஷின் பிடிப்பவன் அவருடைய தம்பி, என் கொழுந்தன். அவருக்குக் கீழே ஐந்து வருடம் வேலை பார்த்தவன். நல்ல கறுப்பு. சாயங்காலம் ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது புருவம் வரை வெளுத்திருப்பான். அதனால் பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் பவுடர். முப்பத்தொரு வயது. வீட்டில் ஓரகத்தி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

அண்ணன் படுகிற பாட்டைத் தினமும் வந்து கண்ணால் பார்க்கிறவனுக்குப் புத்தி வர வேண்டாமா? "அவருக்கு முகமூடி இல்ல அண்ணி. எனக்கு நல்லதா வாங்கிக் குடுத்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பான். ஒரு தடவை போய்ப் படம் எடுத்துப் பார் என்றால், இந்த வாரம், அடுத்த வாரம். வேலையை விடு என்றால், வேறென்ன தெரியும் எனக்கு என்பான். முதலாளியிடம் போய் அழுதும் பார்த்தேன். "அவன் இல்லேன்னா அந்த இடத்துல வேற ஒருத்தன் நிப்பாம்மா" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

அதனால் நான்கு மாதமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறேன். குவார்ட்ஸை யாரும் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். கடையின் மூலையில் மரப் பலகையும் எவர்சில்வர் தகடும் மாதிரிக்கு வைத்திருக்கிறோம். அவை வெளியில் தயாராகி வருபவை, எங்கள் பட்டறையில் அறுப்பு கிடையாது. ஒரு வீடு மரத்துக்கு மாறினால் என் கொழுந்தனுக்கு இரண்டு நாள் தூசி மிச்சம். அண்ணனைக் காப்பாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. தம்பியையாவது பிடித்து நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

உண்மையைச் சொல்லியும் பார்த்தேன். ஒரு அம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஐயோ பாவமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்கூடக் கலங்கியது. பிறகு ஓரம் முழுசாக உருட்டி வருமா, பாதி உருட்டி வருமா என்று கேட்டாள். அன்றிலிருந்து பொய்தான்.

கதவில் சிக்கிக்கொண்ட ஜோடிக்கு வருகிறேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நேராக வெள்ளைக் கல் இருக்கும் பக்கம் போய் நின்று, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அதில் ஒரு சமையலறை. மேடையில் ஒரு எலுமிச்சம்பழம் தவிர ஒன்றும் இல்லை.

"எனக்கு இது மாதிரி வேணும்" என்றாள்.

"அது மாதிரி வேணும்னா நாம சமைக்கவே கூடாது" என்றான் கணவன். அவனுக்கு மரம் பிடித்திருந்தது. மூலையில் இருந்த பலகையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"மரத்துல தண்ணி பட்டா உப்பிடும்."

"நீ பாத்திரத்தைக் கழுவி அங்கேயே கவுத்து வெச்சா எதுவும்தான் உப்பும்."

நான் நடுவில் புகுந்தேன். "சார் சொல்றது சரிதான் மேடம். மரத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ எண்ணெய் தடவினாப் போதும், அசையாது. இந்த வெள்ளை இருக்கே, பாக்க அழகுதான். ஆனா கல்லுக்குள்ள இருக்கிறது பசை. சூடா எதையும் இறக்கி வெச்சீங்கன்னா போச்சு." பத்து வருடத்துக்கு மேல் நான் வாய் திறக்காமல் மறைத்த குறை இது. சொல்லச் சொல்ல எனக்கே ருசித்தது.

அவள் நம்பவில்லை. "கல்லு எப்படிங்க கருகும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வெள்ளையின் நடுவில் பழுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு. "ஒரு வீட்ல இருந்து திரும்பி வந்தது மேடம். ஒரே ஒரு பாத்திரம், ஒரே ஒரு நிமிஷம். அந்தம்மா இங்க வந்து அழுதாங்க."

எந்த அம்மாளும் வரவில்லை, அழவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய், இஸ்திரிப்பெட்டியை முழுச் சூட்டில் வைத்து நானே சுட்டேன். லேசில் கறுக்கவில்லை சனியன். முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். உள்ளே இருந்து அவர் என்ன வாடை என்று கேட்க, பக்கத்து வீடு என்றேன்.

ஆசிரியை தழும்பை விரலால் சுரண்டிப் பார்த்தாள். முகம் இறங்கிவிட்டது. கணவன் மரப் பலகையை அவள் பக்கம் நகர்த்தினான், கெட்டிக்காரன். "சரி, மரத்துல என்ன நிறமெல்லாம் இருக்கு?" என்று அவள் கேட்டதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான். இரண்டு நாள் தூசி மிச்சம்.

அப்போது ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு பவுடர் வந்தான். வேறொரு வீட்டின் அளவுச் சீட்டைத் தேடி வந்தவன், மேசைமேல் இருந்த துண்டைப் பார்த்துவிட்டான். கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"இது பாத்திரம் சுட்டது இல்லீங்களே" என்றான் ஆசிரியையிடம். "பாத்திரத்தோட அடி வட்டமா இருக்கும். இது ஒரு பக்கம் கூரா இருக்கு பாருங்க. இஸ்திரிப்பெட்டி. யாரோ வேணும்னே வெச்சு அழுத்தியிருக்காங்க."

பதினோரு வருடம் கல் விற்றவளுக்கு, சூடு எந்த வடிவத்தில் படும் என்பது தோன்றவில்லை. கணவன் என்னைப் பார்த்தான். ஆசிரியை என்னைப் பார்க்கவே இல்லை; அவளுக்கு அவள் வெள்ளை திரும்பக் கிடைத்துவிட்டது.

"அப்ப இதைப் போடலாமா?"

"தாராளமாப் போடுங்க மேடம். அடுப்புல இருந்து இறக்குறப்ப கீழ ஒரு பலகை வெச்சுக்குங்க, அவ்வளவுதான். கறை பிடிக்காது, கீறல் விழாது. பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும் நேத்துப் போட்ட மாதிரியே இருக்கும்."

என் சொற்கள். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நான் சிரிக்கும் இடத்தில் சிரித்தான். திரைக்குப் பின்னால் நின்று இத்தனை வருடம் கேட்டிருக்கிறான். அங்கேயே அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

அளவுச் சீட்டை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போனதும், "ரெண்டு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். பட்டறையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தரை, சுவர், தொங்குகிற விளக்கு எல்லாவற்றிலும் வெள்ளை. அவனுடைய நல்ல முகமூடி ஆணியில் மாட்டியிருந்தது. அதன்மேலும் வெள்ளை.

"ஏன்டா, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? மரத்துக்குத் திருப்பிட்டேன்டா அவளை!"

"கத்தாதீங்க அண்ணி. நாலு மாசமா நீங்க பண்றது எனக்குத் தெரியாதா? பட்டறைல எல்லாருக்கும் தெரியும். முதலாளி ஒருத்தருக்குத்தான் தெரியல. அவருக்கும் தெரிஞ்சா உங்களை வெளிய அனுப்பிடுவாரு. அப்புறம் அண்ணனை யாரு பாக்குறது?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ படம் எடுத்தியா இல்லையா, அதைச் சொல்லு."

அவன் துணியை எடுத்து மெஷினின் பிடியைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எடுத்துட்டேன்."

"எப்போ?"

"போன மாசமே."

அவனாகவே சொன்னான். "அண்ணனுக்கு இருக்கிறதுதான். அவ்வளவு பெருசா இல்ல, ஆனா ரெண்டு பக்கமும் இருக்கு. இப்ப விட்டாலும் போகாதாம். விட்டா மெதுவா வளரும், விடலேன்னா சீக்கிரம் வளரும். அவ்வளவுதான் வித்தியாசம்னாரு டாக்டர்."

"அப்ப விட்டுத் தொலையேன்டா!"

"விட்டுட்டு?" என்றான். கோபமே இல்லை அவனுக்கு. "உங்க சம்பளம் அண்ணனோட காத்துக்கே சரியாப் போகுது. ரெண்டு வீட்டு அடுப்பும் இந்த மெஷின்லதான் எரியுது. கை ஓடுற வரைக்கும் ஓட்டிடறேன். நீங்க பாட்டுக்கு வர்ற ஆளையெல்லாம் மரத்துக்கு அனுப்பி என் பிழைப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அண்ணனுக்கும் வேணாம். அவருதான் என்னை இங்க கூட்டிட்டு வந்தவரு. மிச்சம் இருக்கிற மூச்சு இதைக் கேட்டா நின்னுடும்."

நான் ஒரு கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரிப்பெட்டியோடு நான் மல்லுக்கட்டிய அன்றைக்கு அந்தப் படம் அவன் அலமாரியில் இருந்திருக்கிறது. நான் மிச்சம் பிடித்ததாக எண்ணிக்கொண்டிருந்த தூசியெல்லாம் அதற்கு முன்பே அவனுக்குள் போய்விட்ட தூசி. ஐந்து வருடம் அவன் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றபோது முன்னால் உட்கார்ந்து அந்தக் கல்லை விற்றவள் யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

"போங்க அண்ணி, ஆள் காத்திருக்காங்க" என்றான். என் சேலையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிவிடக் கையை நீட்டி, தட்டினால் பறக்கும் என்று தோன்றியதோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டான்.

வெளியே வந்தேன். சண்டை முடிந்து இருவரும் ஒரே பக்கம் நின்றிருந்தார்கள். கணவன் மரத்தை மறந்துவிட்டு, வெள்ளையில் சாம்பல் கோடு ஓடுவதா, கோடே இல்லாததா என்று அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கோடு இல்லாதது என்று முடிவானது. நான் அறுப்புச் சீட்டை எடுத்து நீளம், அகலம், தொட்டிக்கு ஓட்டை, குழாய்க்கு ஓட்டை என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பழகிய வேலை.

"ஓரம்?" என்று கேட்டேன்.

"முழுசா உருட்டிடுங்க. எங்க பையன் ஓடி விளையாடுவான், முனை குத்தக் கூடாது."

எழுதினேன்.

"அப்புறம் ஒரு விஷயம்" என்றாள் ஆசிரியை. கோடில்லாத அந்த வெள்ளைமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். "இதை யாரு அறுப்பாங்க? நல்லாத் தெரிஞ்ச ஆளா? புதுசா யாரையாவது விட்டு வீணாக்கிடப் போறாங்க."

"பயப்படாதீங்க மேடம்" என்றேன். "எங்க வீட்டு ஆளுதான்."