நாற்பது மூட்டை வைக்கோலும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

1.

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வரவில்லை, மன்னிப்புக் கடிதமாக வந்தது. நேற்று, திங்கட்கிழமை, என் மைத்துனன் எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், உருக்கமாக, ஆனால் வேலை போய்விடாத அளவுக்கு மட்டும் உருக்கமாக, ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். நான் எதையும் ஒரு பக்கத்தோடு நிறுத்தியவன் இல்லை. உண்மையோடும் நிறுத்தியவன் இல்லை. இரண்டும் தெரிந்துதான் வந்திருக்கிறான். வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

2.

முதல் தொடக்கம்: "மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, தங்கள் கீழ் கிடங்கைக் கவனித்துவரும் நான், தாழ்மையுடன்"

தாழ்மை என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகரவில்லை.

[இரண்டாம் தொடக்கம், அடிக்கப்பட்டது: ஏழு நாள் விடாமல் மழை. மூட்டைகளுக்குள் மீன்கள் குடியேறின. அவற்றில் மூத்த மீன் தலையை வெளியே நீட்டி]

தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி, மழை இரண்டு நாள்தான், மீன் வேண்டாம் என்றாள். அவளுக்குத் தம்பியின் மானம் பெரிது, எனக்கு மீன். தம்பி ஜெயித்தான்.

3.

மைத்துனன் வேலை பார்க்கும் ஆலையைப் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கொட்டகை, உள்ளே இரண்டாள் உயரத்தில் ஓர் எஃகு உருளை, பதினோரு பேர். நறுக்கிய வைக்கோலைக் காற்றில்லாத அந்த உருளைக்குள் தள்ளி, கண்மூடித் திறப்பதற்குள் ஐந்நூறு டிகிரிக்குச் சூடாக்குவார்கள். எரியலாமென்றால் காற்று இல்லை. வைக்கோல் வேறு வழி தெரியாமல் ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் கறுப்பாக ஓர் எண்ணெய். அதைச் சுத்திகரித்தால் லாரி ஓடும்.*

நூறு கிலோ வைக்கோலுக்கு நாற்பது கிலோ எண்ணெய் வந்துகொண்டிருந்தது. நாற்பத்தெட்டைத் தொட்டால்தான் ஆலைக்கு அடுத்த வருடம் உண்டு, இல்லையென்றால் பூட்டு என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆலையை நடத்தும் பொறியாளர் அம்மா, அதாவது மேடம், நான்கு வருடமாக அந்த எட்டுக் கிலோவைத் தேடிக்கொண்டிருந்தார்.

* இந்தப் பத்தியில் ஒரு பொய்கூட இல்லை. எனக்கே கூச்சமாக இருக்கிறது.

4.

இனி குற்றம்.

நாற்பது மூட்டை வைக்கோல் கிடங்குக்கு வெளியே அடுக்கியிருந்தது. அதை மூட ஒரு தார்ப்பாய் உண்டு. மழை வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தத் தார்ப்பாய் மைத்துனன் வீட்டு வாசலில் அவனுடைய புது ஸ்கூட்டரின் மேல் இருந்தது. ஸ்கூட்டர் பத்திரமாக இருந்தது.

திங்கள் காலை போய்ப் பார்த்தால் மூட்டைகளுக்கு அடியில் கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது. மேடம் வெளியூரில். ஆலை வெளியே ஊதித் தள்ளும் சூடான காற்று ஒரு குழாய் வழியாகப் பின்பக்கம் வீணாகப் போகும். அந்தக் குழாயின் வாயில் மூட்டைகளைப் பிரித்துப் பரப்பி, நான்கு நாள் கிளறிக் கிளறி உலர்த்தி, மறுபடி கட்டி அடுக்கிவிட்டான். ஈரமானியைச் செருகினால் பத்துக்குக் கீழே காட்டியது. பதிவேட்டில் "ஈரம்: சரி" என்று எழுதினான். அந்தப் பதிவேட்டில் ஈரம் எவ்வளவு என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது, நனைந்ததா என்று கேட்கக் கட்டம் இல்லை. எனவே அவன் பொய் எழுதவில்லை. (இந்த வாதம் அவனுடையது. நான் ரசித்தேன். என் மனைவி ரசிக்கவில்லை.)

அடுத்த வாரம் அந்த மூட்டைகள் உருளைக்குள் போயின. ஐம்பத்திரண்டு கிலோ வந்தது.

5.

மேடம் தராசை மூன்று முறை துடைத்துப் பார்த்தாராம். அதற்கடுத்த வாரம் புது வைக்கோல் போட்டார்கள். நாற்பது. வெப்பமானிகளை மாற்றினார்கள். நாற்பது. குளிர்விக்கும் குழாயைக் கழற்றிக் கழுவினார்கள். நாற்பதேதான்.

மைத்துனனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. வைக்கோலில் இருக்கும் உப்புதான் எண்ணெயைக் கெடுத்துக் கரியும் வாயுவுமாக்குகிறது என்று மேடமே ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். கழுவிப் பார்க்கலாமா என்றும் பேசினார்களாம். திரும்ப உலர்த்த யார் வெப்பம் தருவது என்று விட்டுவிட்டார்கள். தேநீர் நிறத் தண்ணீரோடு உப்பு போயிருக்கிறது. மூன்று வாரம் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

6.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இவனை நான் முதலில் வீரனாக எழுதினேன். மார்பை நிமிர்த்தி மேடத்தின் அறைக்குள் நுழைகிறான், காற்றில் தலைமுடி

[அவனுக்குத் தலைமுடி இல்லை.]

உண்மையில் நுழைந்தது நேற்று, சாவி வாங்க. மேடம் அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னாராம்:

"அந்த ஐம்பத்திரண்ட எடுத்துடறேன். நான்தான் எடைய தப்பா பாத்திருப்பேன். வியாழக்கிழமை மேலிடத்துலேர்ந்து வர்றவங்ககிட்ட அப்படியே சொல்லிடலாம்."

இவன் சாவியை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"என் தப்புக்குத் திட்டு வாங்கினா தாங்கிக்குவேன் அத்தான். நல்லா நடந்ததையே அவங்க தன் தப்புன்னு எழுதுறாங்களே."

வீரனை அடித்துவிட்டு இவனை வைத்துக்கொண்டேன்.

7.

முடிவுகள்.

அ. அவன் சொல்கிறான். ஆலை பிழைக்கிறது. ஊர் லாரியெல்லாம் வைக்கோலில் ஓட, மாடுகள் ஊர்வலம் போய் எதிர்ப்புத் தெரிவிக்கின்றன. (மனைவி: "மாட்ட எடுங்க.")

ஆ. அவன் சொல்கிறான். ஆலை பிழைக்கிறது, அவன் வேலை போகிறது. புதுக் கிடங்குக்காரர் மிகவும் பொறுப்பானவர். ஒரு மூட்டைகூட நனைவதில்லை. மறுபடி நாற்ப

இ. அவன் சொல்லவில்லை. வியாழக்கிழமை பூட்டுகிறார்கள். இவனோடு பதினோரு பேரும் வீட்டில்.

மூன்றையும் அவனிடம் கொடுத்தேன். மெதுவாக, உதட்டை அசைத்துப் படித்தான். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தான். ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டான்.

"அந்த ஸ்கூட்டர எடுத்துடுங்க அத்தான். கேவலமா இருக்கு."

"அப்ப தார்ப்பாய் எங்க போச்சுன்னு எழுத?"

என் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இருக்கட்டும்" என்றான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டான். கதைக்குக் கையெழுத்துப் போட்ட பாத்திரத்தை நான் இதற்குமுன் கண்டதில்லை.

8.

மேடம், வாசகர்கள் எத்தனை பேராக இருந்தாலும் முதல் வாசகர் நீங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரே வண்டியில் வந்த வைக்கோலில் இரண்டு மூட்டை எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை நன்றாக நனைத்து, தண்ணீரை வடித்து, பின்பக்கக் குழாயின் வாயில் உலர்த்துங்கள். பிரித்துப் பரப்பினால் ஒரு மூட்டைக்கு ஒரு பகல் போதும் என்கிறான். இன்று செவ்வாய்தான்.

முடிவை நான் எழுதவில்லை. எழுதினால் கண்டிப்பாக அறுபது கிலோ என்று எழுதிவிடுவேன்.

நீங்கள் இந்த வரிக்கு வரும்போது மைத்துனன் உங்கள் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பான். வேலை போகுமா இருக்குமா என்று தெரியாதவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். இவன் மூட்டை தூக்கும் சட்டையில் வந்திருக்கிறான்.