ஒரு கைப்பிடி கரும்பழம்

எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பட்டப்பெயர் சலவை. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அதில் ஒட்டியிருக்கும் வேற்றுமொழிச் சொற்களை அடித்துத் துவைத்துப் பிழிந்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார். கேக் அவர் கையில் அணிச்சல் ஆகிவிடும். படிக்கிறவன் பசியோடு அகராதியைத் தேட வேண்டியதுதான். எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தத் திங்கட்கிழமை காலை பத்தேகால் மணி வரைக்கும்.

நான் அந்தப் பத்திரிகையில் ஞாயிறுதோறும் வரும் 'மேனி' பக்கத்தை எழுதுகிறவள். என்ன தின்றால் தோல் மினுங்கும், எதைத் தேய்த்தால் பாதவெடிப்பு ஆறும் என்று பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கன்னத்துக் கரும்புள்ளி இன்னும் அசையவில்லை என்பது வேறு கதை. முந்தின நாள் வந்திருந்தது பிளாக்பெர்ரி பற்றிய கட்டுரை. நார்ச்சத்து, வைட்டமின் சி, வயிற்றுக்கு நல்லது, சருமத்துக்கு நல்லது, வேலியோரம் தானாகப் படர்ந்து கிடக்கும், தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடலாம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"மேடம், மேனி பக்கம் எழுதறது நீங்கதானே? கரும்பழம் கரும்பழம்னு போட்டிருக்கீங்களே, எங்க மதில் ஓரத்துல ஒரு செடியில கருப்பா, பளபளன்னு, கோலிக்குண்டு மாதிரி தொங்குது. அதுதானே? புள்ளைக்கும் குடுக்கலாமா?"

"எந்தப் பழம்?" என்றேன். கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பிரித்தேன்.

'கரும்பழம் உண்டால் கன்னம் மின்னும்' என்று தலைப்பு. கீழே கண்ணை ஓட்டினால் பிளாக்பெர்ரி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. பதினேழு இடத்திலும் கரும்பழம். அது போகட்டும். 'ஒற்றை உருண்டையாக இருக்காது, குட்டிக் குட்டி மணிகள் ஒட்டிய கொத்தாக இருக்கும், கொடியில் முள் இருக்கும்' என்று நான் எழுதியிருந்த மூன்று வரியையும் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு முகப்பூச்சு விளம்பரம் சிரித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடாதீங்க! யாரும் தொடாதீங்க! அது இது இல்ல!" என்று கத்தினேன். அந்தப் பெண் பயந்து போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் பாய்ந்தேன். கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் அன்றைக்கு இல்லை.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? கரும்பழம்னா உலகத்துல இருக்கிற கருப்புப் பழம் எல்லாம் அதுதானே? விஷப்பழமும் கருப்பாத்தான் இருக்கு. வேலியோரமாத்தான் காய்க்குது!"

"நல்ல சொல்லும்மா அது. வாய்க்கு இதமா இருக்கு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமை மெய்ப்புப் பாத்து நீதானே கையெழுத்துப் போட்டே?" என்றார்.

சுரீரென்றது. ஆமாம். ஐந்தரைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க வேண்டிய பக்கத்தில் ஒரு வரியும் படிக்காமல் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அவருடைய காதைத் திருக வந்தவளுக்குத் தன் காது சுட்டது.

வலைப்பக்கத்தில் உடனே எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். தினமும் பத்தரைக்கு வீட்டுக்குப் போன் செய்து அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரையை நினைவுபடுத்துவது வழக்கம். கை தானாக எண்ணை அழுத்தியது.

அத்தை என்றால் என் மாமியார். முப்பத்து நாலு வருடம் ஊர்வாரியாகத் தபால் பிரிக்கும் கூடத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேலே ஏறிவிட்டால் மூன்று மணிக்குத்தான் போனை எடுப்பார். ஆக, பகலில் வீட்டில் அத்தை மட்டும்தான். என் பக்கத்தைப் பற்றி அவருக்குள்ள ஒரே அபிப்பிராயம், 'பழத்தோலைப் பத்தி எழுதறதுக்கு ஒரு ஆபீசா!' என்பது. பதினோரு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அதைப் படித்ததில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

"அத்தை, மாத்திரை போட்டாச்சா?"

"எங்க போடறது? அட்டையில இருக்கிற எழுத்து ஒண்ணும் தெரியல. எல்லாம் மங்கலா இருக்கு. நாக்கு வேற மேல ஒட்டிக்குது. மூணு சொம்புத் தண்ணி குடிச்சாச்சு."

காலையில் அவர் நடக்கப் போகும் பாதை பழைய ரயில்வே வேலியை ஒட்டித்தான் போகிறது.

"அத்தை, நடக்கப் போனப்ப ஏதாவது பழம் பறிச்சுச் சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் சொம்பைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "என்ன பழம்?"

"கருப்பா."

"ஓ, உன் பேப்பர்ல போட்டதா? அதை எவ படிப்பா? ரெண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டேன், அவ்வளவுதான். வை போனை."

படிக்காதவருக்கு என் பேப்பரில் பழம் போட்டது எப்படித் தெரியும்?

"நீ கிளம்பு. ஆம்புலன்சை நான் அனுப்பறேன்," என்றார் ஆசிரியர். எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. வண்டி பிடித்து வீட்டுக்குப் போக இருபது நிமிடம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்?

அத்தை தன் அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கருவிழி முழுக்கக் கண்பாவை விரிந்து, இரண்டு கண்ணும் கிணறு மாதிரி இருந்தன. அவர் முகத்திலோ அப்படி ஒரு திருப்தி.

"கண்ணு பெருசா இருக்குல்ல? முகமும் ஒரு மாதிரி எடுப்பா..." என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை அவருடைய பழைய அலுவலகத்து ஆட்கள் எல்லாம் கூடுகிறார்கள். போட்டோ எடுப்பார்கள். அத்தைக்கு எப்போதும் போட்டியாக, தபால்தலை விற்கும் சன்னலில் இருந்த ஒல்லிக்குச்சி அம்மாளும் வருவாள். விஷம் ஏறுவதைப் பார்த்து, கட்டுரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷி.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உள்ளே வந்த பெண் அத்தையின் நாடியைப் பிடித்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"கன்னாபின்னான்னு ஓடுது. என்னம்மா சாப்பிட்டீங்க? எத்தனை? எத்தனை மணிக்கு? தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

"ஒண்ணும் சாப்பிடல."

"அத்தை, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லேங்கிறேன்ல! ரொட்டி!"

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். சாப்பிட்டேன் என்று சொன்னால் படித்தேன் என்று ஆகிவிடும். பதினோரு வருடத்துக் கௌரவம் போய்விடும். நான் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். சமையலறை மேடையை அலசினேன். கடைசியில் அத்தையின் அலமாரியைத் திறந்தேன்.

"அதைத் தொடாதே!" என்று எழுந்தவர் தள்ளாடி மறுபடி உட்கார்ந்தார்.

மேல்தட்டு முழுக்கக் காகிதக் கட்டுகள். எல்லாம் என் பக்கங்கள். கத்தரித்து, ரப்பர் வளையம் போட்டு, தபால் பிரிக்கிற மாதிரியே முகம், முடி, பாதம், வயிறு என்று சீட்டு ஒட்டித் தனித்தனியாக அடுக்கியிருந்தார். மேலே கிடந்தது நேற்றைய கரும்பழம். அதன் மேல் கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால், காம்பில் பச்சை நட்சத்திரம் ஒட்டிய இரண்டு கருப்பு உருண்டைகள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தையிடம் குரல் உயர்த்தியதே இல்லை நான். அன்று வீடு அதிரக் கத்தினேன்.

"செத்துப் போயிடுவீங்க அத்தை! புரியுதா? தப்பு என்னோடது. பேர் மாறிப் போச்சு. இது அந்தப் பழமே இல்ல, இது விஷம். எத்தனை சாப்பிட்டீங்க?"

விரிந்த கண்ணால் என்னையே பார்த்தார்.

"ஆறு," என்றார். "எட்டு மணிக்கு. ஒரு கைப்பிடின்னுதான் நீ போட்டிருந்தே. நான் எப்பவும் நீ சொல்றதுல பாதிதான் செய்வேன்."

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். 'ஒரு கைப்பிடி' என்பதற்கு மேல் பென்சிலால் 'அரை' என்று எழுதியிருந்தது. கீழே இருந்த காகிதக் கட்டுகளிலும் அப்படித்தான். பத்து நிமிடம் என்றால் ஐந்து, தினமும் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

மருத்துவமனையில் டாக்டர் அந்த இரண்டு பழத்தையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "கைப்பிடி முழுக்கப் போயிருந்தா காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம்மா. இப்பவும் சாயங்காலம் வரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதியம் அத்தைக்கு நினைவு தடுமாறிவிட்டது. என்னைத் தெரியவில்லை. படுத்தபடியே காற்றில் கையை நீட்டி நீட்டி எதையோ எடுத்து, இல்லாத தபால் அடுக்குகளில் போட்டுக்கொண்டே இருந்தார். கடிதம் பிரிக்கிறார். வேகம் குறையவே இல்லை. நடுவில் ஒரு கடிதத்தைக் கண்ணருகே பிடித்து, "விலாசம் தப்பு. எந்தக் கழுதை எழுதிச்சு இதை?" என்றார்.

"நான்தான் அத்தை," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். மூன்று மணிக்குப் பிறகு கணவர் ஓடி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் காலருகே உட்கார்ந்துகொண்டார். ஆறு மணி வாக்கில் அந்தக் கை மெல்ல ஓய்ந்து போர்வை மேல் படுத்தது. டாக்டர் நாடி பார்த்துத் தலையசைத்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

புதன்கிழமை ஆசிரியர் மருத்துவமனைக்கே வந்தார். குரல் கட்டிப் போயிருந்தது. இரண்டு நாளாக அலுவலகத்துக்கு வந்த அழைப்பையெல்லாம் அவரே எடுத்து, "பிளாக்பெர்ரிங்க, பிளாக்பெர்ரி" என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, வேறு யாரும் சாப்பிடவில்லை. கேட்டு உறுதி செய்துகொண்டாராம். திருத்த அறிவிப்பின் மெய்ப்பை என்னிடம் நீட்டினார். முதல் பக்கம், பெட்டிக்குள், கொட்டை எழுத்தில் பிளாக்பெர்ரி. ஒரு சொல்லையும் துவைக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடும்மா, போகணும்."

பேனாவை எடுத்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அதுல என்ன போட்டிருக்கு? கண்ணு இன்னும் தெரியல எனக்கு. படி."

எனக்கு ஆச்சரியம். "நீங்கதான் படிக்க மாட்டீங்களே அத்தை?"

"படிக்கல. கேக்கறேன். ரெண்டும் ஒண்ணா?"

படித்தேன். மணி மணியாய்க் கொத்து, கொடியில் முள், தெரியாத பழத்தைத் தொடாதீர்கள், பிழைக்கு வருந்துகிறோம். கடைசி வரி வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுலயும் பாதிதான் நம்பணுமா?"

"இல்ல அத்தை. இதை முழுசா நம்பலாம்."

"அன்னைக்கு இப்படிப் படிச்சியா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி?"

சலவை குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"படிக்கல அத்தை."

அத்தை கையை நீட்டினார். தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்தார். அந்தப் பிடியிலிருந்து கையை எடுக்காமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பிலிருந்து மறுபடி ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தேன்.