கயிற்றின் மேல்முனை

விடியுமுன்பே ராஜகிரி மலையடிக் கிணற்றில் இறங்கிவிட்டான் என் தம்பி தங்கராசு. மார்கழித் தண்ணீர். மூச்சடக்கி முங்கி, அடிச்சேற்றைக் கையால் வாரிக் கூடையில் நிரப்பிவிட்டு இடுப்புக் கயிற்றை இரண்டு தரம் இழுப்பான். மேலே எங்கள் தெரு அரிகிருஷ்ணன் பாறையில் காலை ஊன்றித் தூக்குவார். மேலே வரும்போது தம்பியின் உதடு நாவல்பழமாய்க் கறுத்திருக்கும். நாலு மூச்சு வாங்குவான். மறுபடி முங்குவான்.

கிணற்று வேலையில் எங்களுக்கு ஒரு கட்டு உண்டு. கயிறு பிடிப்பவன் யாரென்று இறங்குகிறவன்தான் சொல்வான். பேர் சொல்லிவிட்டால், பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளியும் மறுக்கக் கூடாது. கயிறு கையில் இருக்கும்வரை பேச்சு கிடையாது, பீடி கிடையாது. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் மேலிருந்து ஒரு இழுப்புப் போக வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம்.

எங்களைப் பெற்ற நைனா தனகோட்டி தள்ளிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆடியிலிருந்து கயிறு பிடிக்க அவர் பேரை யாரும் சொல்லவில்லை. முட்டி இரண்டும் மடங்காதவரைக் கூப்பிட்டு என்ன செய்வது?

அவரை அப்படி ஆக்கியதில் எனக்குப் பங்குண்டு. எங்கள் தெருவின் முதல் பி.ஏ. நான். கான்ட்ராக்டர் ராமகிருஷ்ணன் கடல் வேலைக்கு ஆள் கேட்டுக் கடலூரிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் தாளை நான்தான் உரக்கப் படித்தேன். படகில் என்ன இருக்கும் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. இருபத்திரண்டு நாள் படகிலேயே தங்கல். மூழ்கிய கப்பலின் இரும்பை வெட்டியெடுக்கும் வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டர். நாளுக்கு இரண்டே இறக்கம், நடுவில் ஓய்வு. மேலே ஒருவர் எப்போதும் கயிற்றோடு இருப்பார். அச்சில் இருந்ததால் நான் நம்பினேன். நான் படித்ததால் தெரு நம்பியது.

நைனா போய்க் கண்டது வேறு. டீசல் வாடையடிக்கும் சோறு, ஈரக் கோணியில் தூக்கம், நாளுக்கு ஐந்து இறக்கம். கடலடியில் தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒரு துணை இல்லை. பத்தொன்பதாம் நாள் சிலிண்டரில் காற்றுத் தீர்ந்தது. மேஸ்திரி கயிற்றை இரும்புக் கட்டையில் முடிந்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். தானாக மேலே பாய்ந்தவருக்கு மூட்டுக்குள் காற்றுப் புகுந்து கட்டிக்கொண்டது.

"இழுத்தேன் பாப்பா. அந்தப் பக்கம் யாருமே இல்ல" என்றார் வீட்டுக்கு வந்ததும். தெருவில் அப்புறம் ஒரு கடிதம் படிக்கக்கூட என்னிடம் யாரும் வரவில்லை.

வெயில் ஏறும்போது கான்ட்ராக்டரின் ஜீப் வந்தது. கிணற்றைச் சுற்றி நின்ற தெரு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் அதே தாள்.

"எட்டு பேர் வேணும், இன்னிக்கே ஏறணும். இன்னாம்மா பி.ஏ., படிச்சுக் காட்டு."

வாரத்தில் இரண்டு நாள்தான் கிணற்று வேலை. அதனால் தங்கராசும் படகுக்குப் போவதாகத்தான் இருந்தான். நான் தாளை வாங்கினேன்.

"மேல ஒருத்தர் எப்பவும் கயிறோட இருப்பாருன்னு போட்டிருக்குது. இது பொய். ஆடியில இந்தப் பொய்ய நான்தான் படிச்சேன். அதோ குந்திக்கினு இருக்காரே, என் நைனா, அவரப் பாருங்க. அப்புறம் ஏறுங்க."

"கடல்னா நாலும் நடக்கும். பயமா இருந்தா சேலை கட்டிக்கினு வீட்ல குந்துங்கடா!"

"சேலை கட்டினவதான் கேக்கறேன். கயித்துல யாரு இருப்பா? பதில் சொல்லுங்க" என்றேன்.

அரிகிருஷ்ணன் சிரித்தார். "மேஸ்திரிக்கு டீ நாங்க வாங்கித் தரோம் மொதலாளி. கயித்த மட்டும் எங்க ஆளு கையில குடுங்க."

"படகு என்னுது, கயிறு என்னுது. யார் புடிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

சேறு சொட்டக் கிணற்று விளிம்பில் நின்றிருந்தான் தங்கராசு. "இடுப்பு என்னுது மொதலாளி" என்றான்.

யாரும் ஜீப்பில் ஏறவில்லை. முதலில் வருவதாகத் தலையாட்டியிருந்தவர்கள்கூட நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

"பக்கத்து வல்லத்துல ஆளா இல்ல? மத்தியானத்துக்குள்ள எட்டு பேர ஏத்திக் காட்டறேன், பாருங்கடா!" ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. தாள் என் கையிலேயே நின்றுவிட்டது.

அரிகிருஷ்ணன் சைக்கிளை எடுத்தார். "வல்லத்துக்கு ரோடு சுத்து வழி. ஏரிக்கரை மேல போனா முந்திடலாம். அந்தத் தாளுக்குப் பின்னால எழுதிக் குடு மங்கை, தமிழ்ல. அங்க படிக்க ஆளு இருக்குது."

எழுதினேன். நைனா கண்டதை ஒன்றுவிடாமல் எழுதினேன். எங்கள் ஆள் கயிறு பிடிக்காமல் யாரும் இறங்குவதில்லை என்று கடைசியில் போட்டேன். அவர் முந்துவாரா, வல்லத்துக்காரர்கள் கேட்பார்களா, தெரியாது. நாளைக்கு அடுப்பு எரியுமா, அதுவும் தெரியாது.

கிணற்றில் பாதிச் சேறு மிச்சம் இருந்தது. அரிகிருஷ்ணன் விட்டுப்போன கயிறு தரையில் கிடந்தது. தங்கராசு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நைனா" என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். "கால ஊன முடியாதுடா."

"கையத்தான் கேட்டேன்."

நாலு பேர் அவரைத் தூக்கிவந்து பாறையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையாகக் கால் ஊன்றிப் பிடித்தார்கள். கயிற்றின் வால் மண்ணில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் பெண் கயிறு தொட்டதில்லை. ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு பிடிக்கும்போது பேசக் கூடாது.

தங்கராசு முங்கினான். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது. நைனா பதில் இழுப்புக் கொடுத்தார். அது என் கைவரைக்கும் வந்தது.