தள்ளுவண்டிக்குள் ஒரு குரல்

“இன்னொரு தடவை ஜன்னலப் பாத்தேன்னா, உன்னை முதுகு காட்டி உக்கார வெச்சிருவேன்டி,” என்றாள் டிட்டெ.

சிஸல் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. காபிக் கடையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரோரமாகக் குழந்தையின் தள்ளுவண்டி நின்றது. பிரேக் போட்டு, மேல்மூடியை இறக்கிவிட்டிருந்தாள். உள்ளே ஏழு மாத ரூனா கம்பளித் தொப்பியும் கனத்த போர்வையுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டிட்டெ சொன்னதைச் செய்கிறவள். எழுந்து வந்து, சிஸலைத் தோளைப் பிடித்துக் கிளப்பி, தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். இப்போது சிஸலுக்கு எதிரே கேக் அலமாரி மட்டும்தான்.

“பழைய சிஸலத்தான் கூட்டிட்டு வரச் சொன்னோம். யாரோ தலைமையாசிரியை வந்திருக்காங்க,” என்றான் யெப்பெ, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

டென்மார்க்கில், அவர்களுடைய ஓர்ஹூஸில், இது ஒரு பேச்சாகவே இருந்திருக்காது. பனி கொட்டினாலும் குழந்தை வாசலில் தூங்கும், அம்மா உள்ளே காபி குடிப்பாள். குளிர்காற்றில் தூங்கினால்தான் உடம்புக்கு நல்லது என்றுதான் சிஸலும் வளர்க்கப்பட்டாள், அவளைப் பெற்றவளும் வளர்க்கப்பட்டாள். ஊரில் ஒருநாளும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் காலையில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் வந்து இறங்கியதிலிருந்து, பாலத்தில் நின்று ஆற்றோர வீடுகளைப் படமெடுத்தபோதும், கோட்டை மதிலைச் சுற்றி வந்தபோதும், அவளுடைய ஒரு கை வண்டியின் பிடியிலேயே இருந்தது. இந்த ஊரில் வேறெந்தக் கடைவாசலிலும் ஒரு வண்டிகூட அவள் கண்ணில் படவில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை. குழந்தை பிறந்தபின் நண்பர்களோடு வந்த முதல் பயணம் இது. பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டாள் என்று பெயரெடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

யெப்பெ தன் மேலதிகாரி படகிலிருந்து தண்ணீரில் விழுந்த கதையை ஆரம்பித்தான். விழுந்தவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே நீந்தினாராம். டிட்டெ மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். சிஸலும் சிரித்தாள், அன்றைக்கு முதல்முறையாக, ஜன்னலை மறந்து.

அப்போது மேசையிலிருந்த சின்னக் கருவி பேசியது.

அதன் ஜோடி வண்டிக்குள் ரூனாவின் தலைமாட்டில் இருந்தது. குழந்தை சிணுங்கினால் இங்கே கேட்கும். இப்போது கேட்டது சிணுங்கல் இல்லை. ஒரு பெண்ணின் குரல். மொழி புரியவில்லை, தொனி புரிந்தது. எந்த ஊரிலும் குழந்தையிடம் குனிந்து பேசுகிற தொனி.

“யாரோ கொஞ்சிட்டுப் போறாங்க, விடு,” என்றான் யெப்பெ.

ஆனால் அடுத்து வந்தது கல் பாவிய தெருவில் சக்கரங்கள் கடகடக்கும் சத்தம்.

சிஸல் திரும்பினாள். சுவர் இருந்தது. வண்டி இல்லை.

மேலங்கியைக்கூட எடுக்காமல் கருவியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். வலப்பக்கம் ஓடினாள். கருவியில் சக்கரச் சத்தம் தேய்ந்து, வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. நின்றாள். திரும்பி இடப்பக்கம் ஓடினாள். டிராம் தண்டவாளத்தைத் தாண்டியதும் இரைச்சலுக்குள்ளிருந்து ஏதோ ஒரு கதவுமணி கேட்டது. பிறகு ரூனாவின் அழுகை. டிட்டெ மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடிவந்தாள். தன்னால்தான், இடம் மாற்றி உட்காரவைத்தது தான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சிஸலுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. இப்போது அழுகை கையிலிருந்த கருவியிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது. முனையில் இருந்த மருந்துக்கடைக்குள்ளிருந்து வந்தது.

கதவைத் தள்ளினாள். வண்டி காலியாக நின்றது. வெள்ளை அங்கி போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி ரூனாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். சிஸலைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நீங்கதான் அம்மாவா? எங்க இருந்தீங்க?”

“காபிக் கடையில. உள்ளதான் இருந்தேன்.”

“நீங்க உள்ள. குழந்தை வெளிய.” அவள் கத்தவில்லை. சரிபார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். “கன்னம் ஐஸ் மாதிரி இருந்துச்சு. தெருவுல ஒருத்தரையும் காணோம்.”

“எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்...” என்று தொடங்கிய சிஸலுக்கு, தன் வார்த்தைகள் இந்தக் கடைக்குள் எப்படி ஒலிக்கின்றன என்று கேட்டுவிட்டது.

அந்தப் பெண் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் ஓரடி நகர்ந்தாள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, அவர்கள் வந்து விசாரிக்கட்டும் என்றாள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த யெப்பெ கைப்பேசியில் படங்களைத் தேடித்தேடிக் காட்டினான். சிஸலும் ரூனாவும், ரூனாவும் சிஸலும். அவள் அவற்றைப் பொறுமையாகப் பார்த்தாள். அம்மாதான் என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்றும் சொன்னாள். ஆனாலும் குழந்தையைக் கொடுக்கவில்லை.

ரூனா அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு, அழுகையோடே இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கை குழந்தையின் முதுகை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.

“நான் எங்கயும் போயிட மாட்டேங்க. கதவைக்கூடப் பூட்டிக்கோங்க,” என்றாள் சிஸல். “அவங்க வர்ற வரைக்கும் மட்டும் அவளை என் கையில குடுங்க.”